இணையதளத்தின் மேல்வரிசை உழவர் சொல்லில் அமைய வேண்டும்

மக்காச்சோளம் விதைத்த இரண்டு மூன்று வாரங்களில் இளம் இலைகளின் பச்சையம் சுரண்டப்பட்டு, வெண்மையான காகிதம் போன்ற திட்டுகள் தென்பட்டால் அது பெரும்பாலும் படைப்புழுவின் வேலையாகும். 2018ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இப்புழு, அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. முட்டைகள் இரண்டு மூன்று நாட்களில் பொரிந்துவிடும். புழு ஆறு வளர்ச்சி நிலைகளைக் கடந்து இரண்டு, மூன்று வாரங்களில் முழு வளர்ச்சி அடையும். தின்னும் இலையில் பெரும்பகுதியைக் கடைசி நிலையில்தான் தின்னும். அந்த நிலையில் குருத்துக்குள் புகுந்து, தன் கழிவையே மூடியாக வைத்துக்கொள்வதால் தெளிக்கும் மருந்து அதன் மேல் சரிவரப் படுவதில்லை. எனவே முதல் வாரத்தில் செய்யும் ஒரு தெளிப்பு, மூன்றாம் வாரத்தில் செய்யும் இரண்டு தெளிப்புகளைக் காட்டிலும் மேலானது.

அந்த முதல் வாரத்தில் விவசாயி கைப்பேசியை எடுத்து, வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையதளத்தைத் திறப்பதாகக் கொள்வோம். பக்கத்தின் உச்சியில் ஒரு வரிசை தெரிகிறது: நிர்வாகம், கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம், இயக்ககங்கள், ஒப்பந்தப்புள்ளி. இவற்றுள் மக்காச்சோளப் புழு எதனுள் இருக்கும்? ஆராய்ச்சியைத் தொட்டால் திட்டங்களின் பட்டியல் வருகிறது. விரிவாக்கத்தைத் தொட்டால் அலுவலர்களின் பெயர்கள் வருகின்றன. மூன்றாவது முயற்சியும் பலிக்காவிட்டால் கைப்பேசி சட்டைப்பைக்குள் போய்விடும். மறுநாள் மருந்துக்கடையில் சொல்வதே வேதவாக்கு ஆகிவிடும். விவசாயிக்கு வேண்டிய தகவல் அதே இணையதளத்தில் நல்ல தமிழில் எழுதப்பட்டே இருந்திருக்கலாம். அதற்குச் செல்லும் வழிதான் அவருக்குத் தெரியவில்லை.

மேல்வரிசை என்பது யாது?

ஓர் இணையதளத்தில் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருக்கும். எல்லாப் பக்கங்களின் உச்சியிலும் மாறாமல் நிற்கும் சொற்களின் வரிசையே மேல்வரிசை. அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் ஓர் இணைப்பு. இணைப்புக்கு இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரியும் சொல். மற்றது, அதைத் தொட்டால் திறக்க வேண்டிய பக்கத்தின் முகவரி.

ஏரிப்பாசனத்தை அறிந்த விவசாயிக்கு இதை விளக்குவது எளிது. ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் மதகும் வாய்க்காலும் மடையும் ஒழுங்காக இருந்தால்தான் கடைமடை வயல் நனையும். தகவல் ஏரித் தண்ணீர் என்றால் மேல்வரிசை அதன் மதகு. மதகைத் தவறான இடத்தில் கட்டிவிட்டு, ஏரி நிறைந்திருக்கிறது என்று பெருமை கொள்வதில் பயனில்லை.

அமெரிக்காவைச் சேர்ந்த கேலிச்சித்திரக்காரர் ராண்டல் மன்ரோ 2010ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு சித்திரம் வெளியிட்டார். அதில் இரண்டு வட்டங்கள். ஒன்றில் பல்கலைக்கழக இணையதளத்தின் முகப்பில் இருப்பவை: வளாகப் படங்கள், பத்திரிகைச் செய்திகள், தலைவரின் கடிதம். மற்றொன்றில் வருவோர் தேடுபவை: தொலைபேசி எண்கள், விண்ணப்பப் படிவம், வளாகத்தின் வரைபடம். இரண்டு வட்டங்களும் ஒன்றன் மேல் ஒன்று படியும் இடத்தில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அது பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர்! வேடிக்கையாக வரையப்பட்டதாயினும் இணையதளம் அமைப்போர் இன்றும் எண்ணிப் பார்க்க வேண்டிய சித்திரம் இது.

துறை வரிசையும் தேவை வரிசையும்

பல்கலைக்கழகம் துறைகளாகப் பிரிந்து இயங்குகிறது. எனவே இணையதளத்தையும் துறைவாரியாகப் பிரிப்பது அலுவலகத்தில் உள்ளோருக்கு இயல்பாகத் தோன்றும். விவசாயியின் நிலத்திலோ துறைகள் இல்லை. மஞ்சளும் மரவள்ளியும் மிளகாயும் தோட்டக்கலைப் பயிர்கள் என்பது கல்லூரியின் பாகுபாடு. பருத்திக்கும் சோளத்துக்கும் மாற்றாக அதே புன்செய் நிலத்தில் மிளகாய் நடுகிறவர், அதனை 'வேளாண்மை' என்ற சொல்லின் கீழ் தேடுவார். 'தோட்டக்கலை' என்றால் மாவும் தென்னையும் பூச்செடிகளும் என்றே அவர் எண்ணுவார்.

கறவை மாடும் அவ்வாறே. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்துக்கென 1989ஆம் ஆண்டிலேயே தனிப் பல்கலைக்கழகம் ஏற்பட்டுவிட்டது. கோயம்புத்தூரில் 1971இல் தொடங்கிய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வேறு, இது வேறு. ஒரே வீட்டில் நெல்லும் மாடும் வைத்திருப்பவருக்கு இந்த எல்லை தெரிய வேண்டிய அவசியமில்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மேல்வரிசையில் 'ஆடு மாடு' என்று ஓர் இணைப்பு வைத்து, உள்ளே சென்றவுடன் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கு வழிகாட்டிவிட்டால் போதுமானது. அவரைத் திரும்பிப் போகச் சொல்லக்கூடாது.

பல்கலைக்கழகத்தின் முதன்மை இணையதளத்துக்கு மாணவரும் வருகிறார், பெற்றோரும் வருகிறார், வேலை தேடுபவரும் வருகிறார். அனைவருக்கும் மேல்வரிசையில் இடம் வேண்டும். இதற்கு இரண்டு அடுக்கு முறை ஏற்றது. முதன்மைத் தளத்தின் மேல்வரிசையில் 'உழவர்' என்று ஒரே ஓர் இணைப்பு, முதல் இரண்டு இடங்களுக்குள் இருக்க வேண்டும். அதைத் தொட்டு உள்ளே சென்றால் உழவருக்கென்றே தனி மேல்வரிசை தொடங்க வேண்டும். மாணவர் சேர்க்கை கோடையின் இறுதியில் வருகிறது. குறுவைக்கும் ஆடிப்பட்டத்துக்கும் விவசாயி ஆயத்தமாவதும் அதே காலத்தில்தான். சேர்க்கை அறிவிப்புகளுக்கு இடம் விடுவதற்காக 'உழவர்' இணைப்பைப் பின்னுக்குத் தள்ளினால், அவருக்கு அது மிகவும் வேண்டிய மாதத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

எந்தச் சொல்லை வைப்பது?

1960களில் தஞ்சை வட்டாரத்தில் ஆடுதுறை 27 என்ற நெல் இரகம் வெகுவேகமாகப் பரவியது. திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு வழியாக அதனை அறிந்த விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்தனர். ஆராய்ச்சி நிலையம் கொடுத்த பெயர் ஒன்று. வயலில் வழங்கிய பெயர் வேறொன்று. அன்று இணையதளம் இருந்து, அதில் 'ஆடுதுறை 27' என்று மட்டும் எழுதியிருந்தால் எத்தனை பேர் அதனைக் கண்டுகொண்டிருப்பர்?

உழவர் வைத்த பெயர்கள் அறிவியலுக்குப் புறம்பானவை அல்ல. நெற்பயிரின் தூர் யானைத் தந்தம் போல வெண்குழலாக நீள்வதைப் பார்த்து வைத்த பெயர் ஆனைக்கொம்பன். பயிர் வட்ட வட்டமாகப் புகைந்ததைப் போலக் காய்வதை வைத்து வந்த பெயர் புகையான். இவ்விரண்டையும் விஞ்ஞானிகள் தம் நூல்களிலேயே ஏற்றுக்கொண்டனர். அடையாளம் பெயரிலேயே இருப்பதால் இவை எவருக்கும் மறப்பதில்லை. மேல்வரிசைச் சொற்களும் இவ்வகையைச் சேர்ந்தனவாக இருத்தல் வேண்டும்.

'பயிர்ப் பாதுகாப்பு மையம்' என்பதைக் காட்டிலும் 'பூச்சி, நோய்' என்பது தெளிவு. 'விதை மையம்' என்பதற்கு 'விதை கிடைக்குமிடம்' என்றும், 'வேளாண் வணிகத் தகவல்' என்பதற்கு 'சந்தை விலை' என்றும், 'வேளாண் பொறியியல்' என்பதற்குக் 'கருவிகள்' என்றும் எழுதலாம். துறையின் முழுப்பெயரை உள்ளே உள்ள பக்கத்தில் மரியாதையுடன் போட்டுக்கொள்ளலாம். மேலும், தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'வேளாண் விரிவாக்கக் கல்வி இயக்ககம்' என்ற பெயர் ஒன்றே கைப்பேசித் திரையின் அகலம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். சுருக்கமான சொல் இடத்தையும் மிச்சப்படுத்தும், பொருளையும் விளக்கும்.

அமைக்கும் முறை

மேல்வரிசையை அமைப்பதில் கீழ்க்கண்ட படிகளைப் பின்பற்றலாம்.

1. முதலில் கேள்விகளைச் சேகரிக்க வேண்டும். வேளாண் அறிவியல் நிலையங்களுக்கு நேரில் வருவோரும் தொலைபேசியில் அழைப்போரும் கேட்பவற்றை ஓர் ஆண்டுக் காலம் அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறித்துவைக்க வேண்டும். 'நெல்லில் குருத்து காய்கிறது', 'போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிறது', 'உளுந்து விதை எங்கே கிடைக்கும்' என்பன போன்ற நாற்பது கேள்விகள் போதும்.

2. இவற்றைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி, பதினைந்து விவசாயிகளிடம் ஒவ்வொருவராகக் கொடுத்து, ஒன்றோடொன்று சேர்பவற்றைக் குவியல்களாக வைக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குவியலுக்கும் அவரே ஒரு பெயர் சொல்ல வேண்டும். இணையதள வல்லுநரான யாக்கோப் நீல்சன் இம்முறைக்குப் பதினைந்து பேர் போதும் என்று 2004ஆம் ஆண்டில் எழுதினார். பெண் விவசாயிகளும், வயதில் மூத்தோரும், குத்தகைக்குப் பயிரிடுவோரும் இப்பதினைந்து பேரில் இருத்தல் அவசியம்.

3. பெரும்பாலோர் ஒத்துச் சொன்ன குவியல்களே மேல்வரிசை ஆகும். ஆறு அல்லது ஏழு சொற்களுக்கு மேல் வேண்டாம். அதிகம் தேடப்படுவது முதலில் வர வேண்டும். எடுத்துக்காட்டாக: பயிர்கள், பூச்சி–நோய், விதை, மண்–நீர், சந்தை விலை, ஆடு–மாடு, கேள்வி கேட்க.

4. டுரூபல், வேர்டுபிரஸ் போன்ற மென்பொருள்களில் அமைந்த தளமானால் மேல்வரிசையை மாற்றுவதற்குத் தனிப் பகுதி உண்டு. அதில் இணைப்பின் பெயர், செல்ல வேண்டிய முகவரி, எந்த இணைப்பின் கீழ் அடங்குவது, எத்தனையாவது இடம் ஆகிய நான்கையும் நிரப்பினால் எல்லாப் பக்கங்களிலும் ஒரே நேரத்தில் மாற்றம் வந்துவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியே எழுதி வைத்த பழைய தளங்களில் சில பக்கங்கள் மாறும், சில மாறாமல் நிற்கும். அத்தகைய தளங்களை முதலில் ஒரே அமைப்பின் கீழ்க் கொண்டுவர வேண்டும்.

5. சொற்களைப் படமாக வரைந்து ஒட்டக்கூடாது. ஒருங்குறித் தமிழ் எழுத்தாகவே தட்டச்சு செய்ய வேண்டும். 2010ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி படிக்காது. பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளும் படிக்காது.

6. 'தமிழ்' என்ற இணைப்பு தமிழிலேயே எழுதப்பட்டு, மேல்வரிசையின் ஓரத்தில் எப்போதும் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் மக்காச்சோளப் பக்கத்தில் இருப்பவர் அதைத் தொட்டால் தமிழ் மக்காச்சோளப் பக்கமே திறக்க வேண்டும். முதல் பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டால் வந்த வழியெல்லாம் வீணாகும்.

கைப்பேசியில் கவனிக்க வேண்டியவை

விவசாயி இணையதளத்தைப் பார்ப்பது பெரும்பாலும் கைப்பேசியில்தான், அதுவும் வரப்பில் நின்றுகொண்டு. கணினியில் அழகாகத் தெரியும் மேல்வரிசை கைப்பேசியில் மூன்று கிடைக்கோடுகளுக்குள் சுருங்கிவிடுகிறது. அக்கோடுகளைத் தொட்டால் வரிசை விரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனவே கோடுகளின் அருகில் 'பட்டியல்' என்று எழுதுதல் நலம். மிக முக்கியமான மூன்று நான்கு இணைப்புகளைச் சுருக்காமல் வெளியிலேயே வைக்க வேண்டும்.

சில தளங்களில் மேல்வரிசைச் சொல்லின் மேல் சுட்டியை வைத்தால் மட்டுமே உட்பிரிவுகள் இறங்கி வரும். கைப்பேசிக்குச் சுட்டி கிடையாது. தொட்டாலும் திறக்கும்படி அமைக்கப்படாவிட்டால் உட்பிரிவுகள் இருப்பதே தெரியாமல் போகும்.

உச்சி வெயிலில் வெளிர் சாம்பல் எழுத்து கண்ணுக்குப் புலப்படாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட விதி. 2023இல் வெளியான திருத்தத்தில், தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 புள்ளிகள் இருத்தல் வேண்டும் என்று சேர்க்கப்பட்டது. மண்வெட்டி பிடித்துத் தடித்த விரலுக்கு இதைப்போல் இரண்டு பங்கு இருந்தால் இன்னும் நல்லது.

பழைய இணைப்புகளால் வரும் கேடு

மேல்வரிசையைப் புதிதாக அமைக்கும்போது பழைய பக்கங்களின் முகவரிகள் மாறுகின்றன. விவசாயிகள் ஒருவருக்கொருவர் அனுப்பிவைத்த முகவரிகள் ஒரே நாளில் செத்துப்போகின்றன. தொட்டால் '404' என்ற எண் மட்டும் வரும். இதனைத் தவிர்க்க, பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடும் நிரந்தர ஏற்பாட்டைச் செய்தல் வேண்டும். வாய்க்காலைத் திருப்பும்போது பழைய வாய்க்காலின் வாயை அடைத்துவிட்டுப் போகாமல், புதியதோடு இணைத்துவிடுவது போன்றது இது.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. எண்டோசல்பான் மருந்துக்கு 2011ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்கு முன் எழுதப்பட்ட பரிந்துரைப் பக்கம் எவரும் கவனிக்காமல் மேல்வரிசையின் கீழ் நின்றுகொண்டே இருக்குமானால், பல்கலைக்கழகத்தின் பெயராலேயே தடை செய்யப்பட்ட மருந்து பரிந்துரைக்கப்பட்டதாகிவிடும். ஆகவே மேல்வரிசையிலிருந்து சென்றடையும் ஒவ்வொரு பயிர்ப் பக்கத்திலும் கடைசியாகத் திருத்திய நாள் இடம்பெற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒவ்வோர் இணைப்பையும் ஓர் ஆள் தொட்டுப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். அந்தப் பொறுப்பு இன்னாருக்கு என்று எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும். எல்லோருக்கும் பொது என்றால் எவரும் செய்யமாட்டார்.

ஐந்து பேர் சோதனை

மேல்வரிசை சரியாக இருக்கிறதா என்று கூட்ட அறையில் முடிவு செய்ய முடியாது. இதற்கும் எளிய சோதனை உண்டு. இணையதளத்தை முன்பின் பார்த்திராத ஐந்து விவசாயிகளை அழைக்க வேண்டும். அவரவர் கைப்பேசியிலேயே தளத்தைத் திறக்கச் சொல்லி, "ஐயா, உங்கள் மக்காச்சோளத்தில் புழு விழுந்திருக்கிறது. என்ன செய்வதென்று இதில் பார்த்துச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்க வேண்டும். பிறகு வாய் திறக்கக்கூடாது. அவர் முதலில் எதைத் தொடுகிறார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐவரில் மூவர் தவறான சொல்லைத் தொட்டால் பிழை சொல்லில் இருக்கிறது, அவர்களிடம் இல்லை. ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்பதை நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். திருத்திய பின் வேறு ஐந்து பேரிடம் மீண்டும் சோதிக்க வேண்டும்.

இச்சோதனையின்போது விவசாயிகள் வழக்கமாகச் சொல்லும் சொல் ஒன்று உண்டு: "எனக்குத்தான் இது தெரியவில்லை." தமக்குப் படிப்பில்லை, தமக்குக் கைப்பேசி பழக்கமில்லை என்று குறையைத் தம் மேல் போட்டுக்கொள்கின்றனர். இது சரியன்று. கலப்பையின் கைப்பிடி கைக்கு ஒத்துவராவிட்டால் கையைச் செதுக்குவதில்லை, கைப்பிடியைத்தான் செதுக்குகிறோம். பொதுப்பணத்தில் நடக்கும் இணையதளத்துக்கும் அதே நியாயம் பொருந்தும்.

விவசாயிகள் செய்ய வேண்டியது

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்கென வேளாண் தகவல் இணையதளத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடத்திவருகிறது. அடுத்த பட்டத்துக்கு முன், ஓய்வான ஒரு மாலையில் அதைத் திறந்து மேல்வரிசையை ஒருமுறை முழுவதும் பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. தம் பயிருக்கான பக்கத்தைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டால் அவசரத்துக்குத் தேட வேண்டியதில்லை. பக்கத்தில் உள்ள மருந்தளவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், திருத்திய நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேடியது கிடைக்காவிட்டால் காத்திருக்கக்கூடாது. 2004ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். இந்நிலையங்களுள் நாட்டிலேயே முதலாவது 1974ஆம் ஆண்டில் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது.

அப்படிக் கேட்கும்போது விவசாயி கூடுதலாக ஒரு வாக்கியத்தையும் சொல்லிவிட்டு வர வேண்டும்: "இதை இணையதளத்தில் இந்தச் சொல்லில் தேடினேன், கிடைக்கவில்லை." இந்த ஒரு வாக்கியம் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய உதவியாகும். உழவர் மன்றங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தத்தம் கூட்டங்களில் இத்தகைய சொற்களைத் தொகுத்து எழுதி அனுப்பலாம். ஐந்து பேர் சோதனையைத் தங்கள் ஊரிலேயே நடத்தி, முடிவை அனுப்பினால் இன்னும் சிறப்பு.

ஆனைக்கொம்பனுக்கும் புகையானுக்கும் பெயர் வைத்தது வயலில் நின்ற விவசாயியே. இணையதளத்தின் மேல்வரிசைக்கும் சொல் அவரிடமிருந்து வந்தால், படைப்புழு குருத்துக்குள் இறங்குவதற்கு முன் தகவல் அவர் கைக்கு வந்து சேரும்.